மேல் வயல் வட்டக்கோட்டை

மார்ச் 3, செவ்வாய்
மேல் வயல் வட்டக்கோட்டையை அப்பா இடிக்கப் போகிறாராம். அங்கே மாட்டுக்கொட்டகை வரும். கோட்டை என்றால் மதில் கிதில் இல்லை; ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குடியானவன் தன் வீட்டைச் சுற்றி எழுப்பிய மண்வளையம், மேலே முள்மரங்கள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் உட்காருவது அதற்குள்தான். யாரும் என்னைப் பேசச் சொல்லாத ஒரே இடம்.

மார்ச் 4
‘அதை இடிப்பது சட்டப்படி குற்றம், அப்பா’ என்று சாப்பிடும்போது சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னதோடு சரி.

மார்ச் 5
இடிக்கக் கூப்பிட்ட பக்கத்து ஊர் மலாக்கி பொக்லைனோடு வந்தார். முள்மரத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார்.
“ஃபின்டன், இது அவங்க இடம்ப்பா. நான் கைவைக்க மாட்டேன்.” முள்மரத்தடியில் குடியிருக்கும் மாயக்குள்ளர்களைத்தான் சொல்கிறார்; பேரைச் சொன்னாலே ஆகாதாம்.
“எவங்க இடம்? பத்திரம் என் பேர்ல இருக்கு!” என்றார் அப்பா.
“எங்க சித்தப்பா ஒரே ஒரு கிளையத்தான் வெட்டினாரு. வாய் கோணிப்போச்சு.”
“உங்க சித்தப்பாவுக்குப் பொறந்ததுலேர்ந்தே கோணவாய்தான்யா.”
மலாக்கி சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டார். சனிக்கிழமை அப்பாவே ஓட்டுவாராம். பயமெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களுக்குத்தானாம்.

மார்ச் 6
தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “சொல்லுங்க” என்றதும் வைத்துவிட்டேன். மறுபடி செய்து ஊர், வயல், நாளைக்கு இடிக்கிறாங்க — எல்லாம் ஒரே மூச்சில். “நீங்க யாரும்மா?” வைத்துவிட்டேன். பெத்த அப்பாவையே காட்டிக் கொடுத்துட்டேனா?

சாயங்காலம் எங்கள் நல்ல பசு, கன்று போட்டு இரண்டே நாள், காலை மடக்கி விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் கால்சியம் ஏற்றியதும் எழுந்து புல் தின்றது. “வெறும் கால்சியம் குறைச்சல்தான்” என்றார் அப்பா. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார்.

மார்ச் 7
அப்பா வண்டியில் ஏறவில்லை. மழையாம். நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8
ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அப்பா எல்லாரிடமும்: “முன்னோர் சொத்துய்யா அது. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நான் போய் இடிப்பேனா?”
மலாக்கிக்கு இருமல் வந்தது.

மார்ச் 11
அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆக, சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. பசு முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.
“உங்கள மாதிரி விவசாயிங்களாலதான் இதெல்லாம் பொழைச்சிருக்கு” என்றார். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.
“உள்ள போய்ப் பார்க்கலாமா சார்?”
“முட்டி வலிங்க. டெர்வ்லா கூட்டிட்டுப் போவா.”
வளையத்துக்குள் இறங்கியதும் அந்த அம்மா கேட்டார்: “இங்க யாராச்சும் வர்றதுண்டா?”
“நான்தான். தினமும்” என்றேன். குரல் சரியாகவே வந்தது.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா கத்தினார்: “மரத்துல கை படாம பார்த்து வாங்க!”
சட்டத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.