வெட்ட முடியாத ரெண்டெழுத்து

அப்பா,

பாப்பாவுக்கு ஓமத்தண்ணி ஊற்றிவிட்டு இப்போதுதான் சங்கைக் கழுவினேன். வெள்ளிச் சங்கு. எத்தனை தரம் கழுவினாலும் ஓம வாசனை போகமாட்டேன் என்கிறது. அதன் அடியில், பிடிக்கும்போது கட்டைவிரல் படுகிற இடத்தில், ரெண்டே ரெண்டு எழுத்து பொறித்திருக்கிறது. ரூத். தினமும் என் விரல் அதன்மேல்தான் படுகிறது, தினமும் எனக்குச் சுருக்கென்கிறது. சர்ச்சில் என் பிள்ளைக்கு நான் சொன்ன பேர் அது இல்லை. நீங்கள் கேட்ட பேர் அது.

நான் ஏழாவது மாசத்தில் இருந்தபோது, திருவாதவூரிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு எங்கள் திருநகர் மாடி வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கு நடந்ததிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் ஒரு தரம் சொல்லியாக வேண்டும்.

நான் போனைப் பார்த்துக் கிறிஸ்தவப் பேராக ஒவ்வொன்றாக வாசித்தேன். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொரு பேரையும் வெட்டிப் பார்த்தீர்கள்.

"எலிசபெத்."

"ஏ எலி, இங்க வா. வேணாம்."

"ஜாக்குலின்."

"ஏ ஜாக்கு! நாயைக் கூப்பிட்ட மாதிரி இருக்கு. வேணாம் தாயி."

"மார்கரெட்."

"மாக்கு. அப்புறம் மக்குன்னே ஆக்கிருவாங்க. அடுத்து?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு இறுகிப் போனது. "எந்தப் பேரைச் சொன்னாலும் வெட்டுறீங்களே, உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?" என்றேன். கடைசியில் ரூத் என்று வாசித்தேன். நீங்கள் வெட்டிப் பார்த்தீர்கள். "ரூ...ன்னு கூப்பிட்டா ஆட்டோக்காரன்கூட திரும்பிப் பாக்க மாட்டான். இத வெட்ட முடியாது தாயி. பொம்பளப் புள்ள பொறந்தா இதையே வையி" என்றீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னீர்கள். தாத்தா உங்களுக்கு ஆசையாக ஞானமுத்து என்று வைத்தார். பத்து வயதில் உங்களை மாடு மேய்க்கச் சேர்த்துவிட்ட பண்ணை வீட்டுக்காரர் பேரைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "ஒனக்கெதுக்குடா ஞானம்? முத்தா போதும்." அன்றையிலிருந்து ஊர் முழுக்க "டேய் முத்தா". நீங்கள் மதுரையில் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, எனக்கும் அண்ணனுக்கும் பீஸ் கட்டிப் படிக்க வைத்து, தலை நரைத்த பிறகும் அந்தத் தெருவில் உங்களைவிடச் சின்னப் பையன்கள் "முத்தா" என்றுதான் கூப்பிட்டார்கள். "பாதிப் பேரைப் பிடுங்கிக்கிட்டாங்க தாயி. ரெண்டெழுத்தா இருந்தா எவன் வெட்டுவான்?" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். சேலை, நகை, சீர் என்று எத்தனையோ நீங்கள்தான் எனக்குச் செய்தீர்கள். திருப்பி ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர் இருப்பது புதுசா என்ன? பள்ளிக்கூடத்துக்கு, ஆபீசுக்கு, அக்கம்பக்கத்துக்கு ஒரு பேர். ஞானஸ்நானத் தண்ணி ஊற்றும்போது பாஸ்டர் கேட்டால் சொல்வதற்கு ஒரு பேர். அந்தப் பேரை வெளியே சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். எனக்கும் அப்படித்தானே? நானும் உங்கள் மருமகனும் வெளிப்பேராக நிலா என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "வெளிய என்னமும் வச்சுக்க. சர்ச்சுல கேட்டா ரூத்துன்னு சொல்லு. எனக்கு அம்புட்டுப் போதும்" என்றீர்கள். "சரிப்பா" என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னேன். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. நீங்கள் பஸ்சுக்குக் கிளம்பும்போது, "கீழ ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட உக்காந்து ஊர்க்கதை பேசாதீங்கப்பா" என்றேன். அந்தக்கா வீட்டுக்காரர் வகையறாவுக்கு மேற்கே நிலபுலம், மாடு மேய்க்க ஆள் எல்லாம் உண்டு. வீடு கேட்டு வந்த அன்று "எந்தூரும்மா?" என்று கேட்டதற்கு "மேலூர் பக்கம்" என்று மட்டும் சொல்லி நழுவியவள் நான். நீங்கள் போய் எந்தத் தெரு, என்ன வேலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவீர்களோ என்று எனக்கு உதறல். "சரி தாயி, வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினீர்கள். உங்களுக்குப் புரிந்திருக்கும். பெற்ற தகப்பனிடம் வாயை மூடிக்கொண்டு போ என்று சொன்ன மகளை என்னவென்று நினைத்தீர்களோ!

பாப்பா பிறப்பதற்கு முன்னாலேயே நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பொம்பளப் பிள்ளைதான் அப்பா. உங்கள் காது, உங்கள் முன்கோபம்.

ஞானஸ்நானத்தன்று அம்மா முன் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் பிள்ளையை ரூத்து, ரூத்து என்றுதான் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சில் என் ஆபீஸ்காரர்கள் நாலு பேர். அவர்கள் பக்கத்தில், பட்டுச்சேலை கட்டி, மடியில் ஒரு சின்னப் பையோடு ஹவுஸ் ஓனர் அக்கா. பாஸ்டர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள்" என்று மைக்கை என் பக்கம் நீட்டினார்.

நிலா என்றேன்.

ஸ்பீக்கரில் என் குரல் சர்ச் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற உங்கள் மருமகன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் பாஸ்டர் "நிலா" என்று சொல்லி மூன்று தரம் தண்ணி ஊற்றிவிட்டார். பிள்ளை வீறிட்டு அழுதது.

வெளியாட்களைக் கண்டால் வெளிப்பேர் வருவது எனக்கு முப்பது வருசப் பழக்கம், அதனால் வாய் தவறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லலாம். ஆனால் ரூத் என் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அந்தப் பட்டுச்சேலையைப் பார்த்தேன், முழுங்கினேன். அவர்கள் சர்ச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இனி அவர்களிடம் மறைக்க என்னதான் இருந்தது? ரெண்டெழுத்தை எவன் வெட்டுவான் என்று கேட்டீர்கள். மாடு வைத்திருந்தவன் பாதியைத்தான் வெட்டினான். நான் முழுசையும் வெட்டிவிட்டேன்.

பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அந்தக்கா என்னைத் தனியாக இழுத்து, பையிலிருந்து சங்கை எடுத்தார்கள். முகமெல்லாம் குழப்பம்.

"ஏம்மா, பேரை மாத்திட்டீகளா? நான் இதுல ரூத்துன்னு பொறிச்சுட்டேனே. சின்னச் சங்கு, இதுக்குத்தான் எடம் இருந்துச்சு."

"உங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"ஒங்கப்பாதான். ஒன்னைப் பாத்துட்டு எறங்கி வந்தாருல்ல, அன்னைக்கு. நான்தான் மோர் குடிச்சுட்டுப் போங்கன்னு உக்கார வச்சேன். பேத்தி பொறந்தா இந்தப் பேருதான்னு சொன்னாரு. ஏன்னு கேட்டேன். எல்லாத்தையும் சொன்னாரு." சங்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்: "எங்க மாமனாரு வீட்டுலயும் வேலைக்கு வாரவகளை அப்படித்தாம்மா பேரை வெட்டிக் கூப்பிடுவாக. வயசான மனுசரைக்கூட. கேக்க எனக்குக் கூச்சமா இருக்கும், வாயத் தொறக்க மாட்டேன். ஒங்கப்பாகிட்ட அதைச் சொன்னேன். ‘நீ என்னம்மா செய்வ, மோரு நல்லாருக்கு’ன்னுட்டுப் போயிட்டாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்போதும் "அது வீட்டுல கூப்பிடுற பேருக்கா" என்று ஒரு பொய்யைச் சொல்லி, சிரித்து, சங்கை வாங்கிக்கொண்டேன். சீ! இப்படியும் ஒரு பொழைப்பா என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆட்டோவில் வரும்போது பிள்ளையின் ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே இவள என்னன்னுடி கூப்பிடணும்?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அன்றையிலிருந்து "பாப்பா" என்று மட்டும் கூப்பிடுகிறாள். மனசு கேட்காமல் அடுத்த வாரம் பாஸ்டரிடம் போய், மாற்ற முடியுமா என்று கேட்டேன். "தண்ணி ஊத்துறது ஒரு தடவதாம்மா. ஆனா வீட்டுல நீங்க ரூத்துன்னு கூப்பிட்டா யாரு தடுக்கப் போறா?" என்றார்.

யாருமில்லை அப்பா. அதுதான் பெரிய கேவலம். கதவைச் சாத்திக்கொண்டு, ஓமத்தண்ணி ஊற்றும்போது பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் ரூத் என்று சொல்கிறேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் நிலா என்று மாற்றிவிடுகிறேன். படித்து, சம்பாதித்து, திருநகரில் குடியிருந்து என்ன? உங்களை அதட்டிய அந்த ஆள் செத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, எனக்குள் இன்னும் உட்கார்ந்து அதட்டுகிறான்.

இன்றைக்குக் காலையில் பாப்பா வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அழுதது. கீழே வாசலில் கீரைக்கார அம்மா, தண்ணிக்கேன் போடுகிற ஆள், எதிர்வீட்டு டீச்சர் எல்லாரும் நின்றிருந்தார்கள். அந்தக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, தெருவே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்கள்.

"ஏம்மா, ரூத்து ஏன் இம்புட்டு அழுகுறா? எறக்கிட்டு வா, நான் வச்சுக்கிறேன்."

பால்கனிக்கு ஓடினேன். ரூத்துக்கு வயிற்றுவலி அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாப்பாவுக்கு வயித்துவலிக்கா" என்றுதான் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போய் அவர்கள் கையில் கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என்னடி ரூத்து, என்னத்தா" என்று வாசலில் இங்கேயும் அங்கேயும் நடந்தார்கள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவர்கள் வாயையே பார்த்தது.

நான் கேட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் பேத்தியை இந்தத் தெருவில் நீங்கள் வைத்த பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுகிறவர்கள் அந்தக்கா ஒருத்தர்தான், அப்பா.