அப்பாவின் கட்டிலுக்கு ஒரு மோட்டர்

தோஹா,
ஆனி 2009

அன்பின் அஞ்சலா,

நான் சுகம், என் தொப்பை என்னைவிடச் சுகம். பாரிசவாதத்தில் கிடக்கும் அப்பா எப்படி? அவரைத் தனியே தூக்கித் தூக்கி நொந்த உன் இடுப்பு எப்படி?

இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருத்தினால் ஆள் படுத்துப் பார்க்கவேண்டும். நான் படுத்தேன், உறங்கியும்விட்டேன். என்னோடு வேலைசெய்யும் களுவாஞ்சிக்குடி நேசதுரை பொத்தானை அமத்தி, கட்டிலின் தலைமாட்டை மோட்டரால் உயர்த்தி, என்னை எழுப்பி இருத்தினான்.

"என்ன மச்சான், நோயாளி கிடைக்கல்லயெண்டு நீயே படுத்திட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உன் நினைவு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த மோட்டர் கைக்குள் அடங்கும். பற்றரியில் என் வாயைப்போல வேகமாய்ச் சுழலும், ஆனால் பலமில்லை. அதன் நடுவில் பல்வைத்த ஒரு சில்லு, அதாவது கியர்; அதைச் சுற்றி மூன்று சில்லுகள், வெளியே ஒரு பல்வளையம். இவை வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். பாரத்தை மூன்றும் பங்குபோடும். மின்சாரச் சக்கர நாற்காலியை உருட்டுவதும் இதுதான். நம் வீட்டில் பாரமெல்லாம் ஒரே சில்லில்.

"வயர் தொங்கும் சாமானைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் விடமாட்டான்" என்று இவ்வளவு காலமும் எழுதினேன். நாட்டில் சண்டை முடிந்தது, என் சாக்கும் முடிந்தது. கழித்த கட்டிலின் மோட்டரை மனேஜர் எனக்கே தந்துவிட்டார்.

மோட்டரைப் பூட்டுவதற்கு அப்பாவின் கட்டில் அகலத்தை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த நூலையே அனுப்பு. நீ கட்டிய முடிச்சு என்னிடம் இருக்கட்டும்.

ஆவணியில் வாறன். வழியில் மோட்டரைப் பறித்தாலும், அப்பாவின் மற்றத் தோளை நான் பிடிப்பேன்.

வேலை பஸ் ஊதுகிறது.

உன் றோய்