போர்ட்டிகோவில் ஒரு ஃபுல் டேங்க்

ஜூன் 5, 2008. வியாழன்

காலையிலேயே புழுக்கம். மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. தண்ணீர் லாரி வரவில்லை.

பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏற்றம். சுதா பேப்பரை எனக்குக் கேட்கும்படி படித்தாள். என் மருமகள் என்னிடம் நேராக எதையும் சொல்வதில்லை. பேப்பரிடம் சொல்வாள்.

போன மாதம் ஃபியட்டைத் திருப்பும்போது கேட் தூணில் லேசாக உரசினேன். பெயின்ட் மட்டும்தான். அன்று முதல் சாவி சுதாவின் ஹேண்ட்பேக்கில். அவள் ஸ்கூட்டியில் ஆபீஸ் போகிறாள், என் கார் சாவியும் கூடவே போகிறது. பஸ் படி என் முழங்காலுக்கு உயரம். ஆட்டோவில் பேரம் பேச எனக்கு வராது, வரவும் வேண்டாம். ஆக, கேட் வரை நடை. திரும்ப உள்ளே.

மாலை ஷார்ஜாவிலிருந்து மகன் ரவி போன். காரை விற்றுவிடலாம் என்கிறான். முதல் காரணம் விலை. அவனுக்கு ஒரு கேலன் ஆறேகால் திர்ஹம். அவன் தங்கை உஷாவுக்கு டல்லாஸில் ஒரு கேலன் நாலு டாலர். நமக்கு லிட்டர் ஐம்பத்தைந்து. உலகத்திலேயே நாம்தான் ஏமாளிகள் என்று அரை மணி நேரம். தங்கை ஊரில் லிட்டர் முப்பத்தெட்டுக்குள்தான் என்றான். எப்படி வகுத்தாய் என்று கேட்டேன். நாலரையால் என்றான்.

தப்பு. ஷார்ஜா கேலன் பிரிட்டிஷ்காரனுடையது, நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்கக் கேலன் சின்னது, நாலு லிட்டருக்கும் கீழே. இரண்டுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். எங்கள் கான்வென்டில் அலகு பார்க்காமல் வகுத்தால் சிஸ்டர் ஸ்லேட்டையே திருப்பி வைத்துவிடுவார். இவன் எம்.பி.ஏ.

போனை வைத்த பிறகு போட்டுப் பார்த்தேன்:
ஷார்ஜா - லி. ரூ. 16
டல்லாஸ் - லி. ரூ. 45
சேலையூர் - லி. ரூ. 55

ஏமாளிகள் என்றது சரி. வகுத்தது தப்பு. இரண்டையும் அவனிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 7, சனி

வானம் மூட்டம். பெய்யவில்லை. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. சுதாவிடம் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை.

காலை உஷா போன். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், குரலிலேயே தெரிகிறது. இரண்டாவது காரணம்: மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது. அங்கே மட்டமான பெட்ரோலே 87 ஆக்டேன், அதைப் போட்டே மாப்பிள்ளையின் பழைய வண்டி சத்தம் இல்லாமல் ஓடுகிறதாம். மெட்ராஸில் இப்போது 91. உயர்ந்த பெட்ரோல் குடித்தும் தட்டினால் இன்ஜின் முடிந்தது என்று அர்த்தமாம்.

ஆக்டேன் என்றால் இன்ஜின் தட்டாமல் தாங்கும் அளவு, அது எனக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காக்காரன் நம்மைவிட மட்டமாகக் கொடுக்கிறான் என்பதை நான் நம்பவில்லை. பங்க் மிஷினில் 87 என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல் என்றேன்.

"அம்மா, அதெல்லாம் யார் பாக்கறா?"

"நீ பாரு."

ஜூன் 8, ஞாயிறு

வாரத்துக்கு ஒரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டிவர எனக்கு அனுமதி. பேட்டரி செத்துப்போனால் விலை குறையுமே. சுதா பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வழி நெடுக "அத்தை, பஸ்", "அத்தை, மாடு".

பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. நேராக பங்க். உசத்தி பெட்ரோல், ஃபுல் டேங்க் என்றேன். பையன் காரை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்த வண்டிக்கு இன்னாத்துக்கும்மா அது? சாதாவே போதும்."

"கேட்டதைப் போடுப்பா."

"ஜீரோ பாத்துக்கம்மா."

பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இருந்தபோதே இறங்கிப் பார்ப்பது நான்தான்.

சுதாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "விக்கப் போற வண்டிக்கு யாராவது ஃபுல் டேங்க் போடுவாங்களா அத்தை?" நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். என் பென்ஷன்.

மேம்பாலம். மூன்றாவது கியர். ஒரு தட்டல் இல்லை. கேட்டதா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே பள்ளிக்கரணை வரை போய்ச் சதுப்பு ஓரமாக நிறுத்திப் பறவைகளைப் பார்க்கலாம் என்று ஆசை. கேட்டேன். குக்கரில் பருப்பு ஊறுகிறது என்றாள். திரும்பினோம். சாவி பைக்குள். ஜிப் சத்தம்.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து நிமிட மழை. துணி நனைந்தது. எனக்குச் சந்தோஷம்.

உஷா படித்துச் சொன்னாள். மிஷினில் 87-க்குக் கீழே: ஆர், எம் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அவருடைய மோட்டார் கையேட்டில் பக்கம் புரட்டினேன். ஆர் ஒரு சோதனை முறை, எம் இன்னொன்று, கடுமையானது. நம் ஊர் 91 ஆர் மட்டும். அவர்களுடையது இரண்டின் சராசரி. அங்கே 87, இங்கே 91, கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ரவி ஷார்ஜாவில் போடும் 95-ம் நம் முறைதான்.

அதாவது உஷா ஒப்பிட்டது ஒப்பீடே அல்ல. என் இன்ஜினுக்குக் கொஞ்சம் உசத்தி தேவை, ஊற்றினால் ஓடுகிறது. வயதான எதற்கும் அப்படித்தான்.

ரவிக்கு நானே போன் போட்டேன், ஐ.எஸ்.டி. கேலன், ஆக்டேன், மேம்பாலம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் கரெக்ட்மா. நீ சொன்னா கரெக்டாதான் இருக்கும்."

"அப்புறம்?"

"பெட்ரோலுக்காக விக்கலம்மா. நீ ஓட்டக் கூடாதுன்னு விக்கறோம். சனிக்கிழமை ஆள் வருவார்."

ஐந்து நாள் நான் பெட்ரோலோடு சண்டை போட்டிருக்கிறேன்.

வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் போன பிறகு என் பேருக்கு மாற்றியது அவனேதான். ஐ.எஸ்.டி. நிமிடக் கணக்கு ஓடியது. வைத்துவிட்டேன்.

இரவு ரசம் மட்டும்.

ஜூன் 14, சனி

சுதா மேசைமேல் ஆர்.டி.ஓ. பாரங்களை வைத்திருந்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. எனக்கு. கையெழுத்து அழகுக்கு மெடல் வாங்கியவளுக்கு.

ஐந்து மணிக்குக் காரை வாங்க கரீம் பாய், கேம்ப் ரோடில் டயர் கடை. மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டார். பானட்டைத் திறந்து பார்த்தார், உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார், முள் மேலே ஏறியதும் சிரித்தார்.

"இன்னாம்மா, டேங்க் ஃபுல்லா கீது? சீர் வச்சு அனுப்புறீங்களா?"

"ஊருக்குப் போக நிரப்பினேன்" என்றேன்.

எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. சுதாவைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் திறக்கவில்லை. காபி ஆறியது. கடைசியில் எழுந்துகொண்டார்.

"ஓனர் அம்மாதானே மேடம். அவங்க கையெழுத்து இல்லாம நான் எடுத்தா நாளைக்கு பேஜாராயிடும். பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

அவர் போனதும் சுதா பாரங்களை மடித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பிள்ளை என்னைத்தான் கேப்பார் அத்தை. உங்களை இல்ல."

முதல் முறையாகப் பேப்பர் இல்லாமல் பேசினாள். ஆறிய காபியை நான் எடுத்துப் போய்க் கொட்டினேன். கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். மாத்திரை வாங்கி என் தலையணை அருகே வைத்திருக்கிறாள். கேட்கவில்லை நான்.

வண்டி எடுக்கும் நாள். அவளுக்குத் தலைவலியாம், கதவு சாத்தியிருக்கிறது. சாவி உள்ளே. கையெழுத்து என்னிடம், சாவி அவளிடம். இருவரும் வீட்டில்.

முப்பத்தெட்டு லிட்டர் டேங்க். போன ஞாயிறு போய் வந்ததைக் கழித்தாலும் திருச்சி வரை தாராளமாகப் போகலாம். போர்ட்டிகோ சூட்டில் பெட்ரோல் வாடை என் அறை வரை வருகிறது.

ஜன்னலைச் சாத்தவில்லை.