அப்பா பள்ளத்தாக்கில் இறங்கிய சனிக்கிழமை

வின்ஸ்லோ
செப்டம்பர் 14

அன்பு மகள் மரிசேலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே மலை உச்சியில் இப்போதே பனி விழுந்துவிட்டது என்று பேத்தி இனெஸ் போனில் சொன்னாள். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் பிள்ளைகள் இரண்டு பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவுக்குத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார். இப்போது அவர் காருக்கு எண்ணெய் மாற்றப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாம் ஜெயித்துவிட்டோம் மகளே!

அப்பா வராவிட்டால் பயணமே வேண்டாம், அக்டோபர் லீவு நாலு நாளும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஜனவரியில் அவருக்கு இரண்டு முட்டியும் மாற்றினார்கள், ஈஸ்டர் அன்று நற்கருணை வாங்கப் போனவர் கோயில் நடுவில் அத்தனை பேர் முன்னால் விழுந்தார், அதிலிருந்து வீடு, தோட்டம், வீடு, அவ்வளவுதான். டாக்டர் என்னிடம் தனியாக, "முட்டி ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும்மா, மனசுதான் நொண்டுது" என்றார். இவரைக் கேட்டால், "நீங்க போயிட்டு வாங்க. பேரப்பிள்ளைங்க முன்னாடி ஒரு தடவ விழுந்தேன்னா, சாகுற வரைக்கும் நான் விழுந்த தாத்தாதான்" என்கிறார். அதனால் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகளை டி ஷே பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகும் முன் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும், நீங்கள் வண்டி மட்டும் ஓட்டுங்கள் என்று சொல்லி, நவஹோ பழங்குடி வழிகாட்டி வெர்னாவிடம் போனில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். "ஓட்டுறேன். மேல நிப்பேன். கீழ ஒரு அடி வைக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

இனிமேல் நடந்ததைக் கேள். கோடையில் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், நம் அரிசோனா மட்டும் அசையாது. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே, அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் நவஹோ நிலம் தள்ளி வைக்கும். நீ ஊரை விட்டுப் போய் பதினோரு வருஷம், மறந்திருப்பாய். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்களும் சுத்தமாக மறந்தோம். நவஹோ எல்லையைத் தாண்டியதும் என் போன் ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. சொன்னேன். "அது செல்போன் டவர் கோளாறு" என்றார். நடுவில் ஹோபி ஜனங்களின் நிலத்துக்குள் நுழைந்ததும் பழைய மணிக்கே திரும்பியது, அவர்களும் நம்மைப் போலத் தள்ளி வைக்காதவர்கள். "பாத்தியா, புத்தி வந்துருச்சு" என்று ஒரே சிரிப்பு. திரும்ப நவஹோ நிலம், திரும்பக் குதித்தது. முப்பத்தெட்டு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவரிடம் நேரம் பற்றிப் பேச முடியுமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம் கிழவி" என்று பெருமையாக வண்டியை நிறுத்தினார். அங்கே மணி ஒன்பதே முக்கால், ஒன்பது மணிக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் வேறு வழிகாட்டியோடு இறங்கிப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெர்னா மட்டும் வெயிலில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல வாய். "அரிசோனா மணியா அண்ணே? வாரத்துக்கு ஒரு வண்டி இப்படித்தான் வரும். என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். ரயில் ஓட்டினேன் என்று இவர் வாய்க்குள்ளேயே முனகினார். "ரயிலா!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன், அதற்கு சொர்க்கத்தில் எனக்கு இடம் உண்டு. மத்தியானம் வரை தனக்கு வேலை இல்லை, அக்காவை மட்டும் மெதுவாகக் கூட்டிப் போகிறேன் என்றாள் வெர்னா. அப்பா வண்டிச் சாவியைப் பிடுங்கினார். பிறகு கதவைத் திறந்து இறங்கி தொப்பியை மாட்டிக்கொண்டு, "லேட்டாக்கினவன் வண்டிய நடுவழியில விட்டுட்டுப் போறதில்ல. கொண்டுபோய்ச் சேக்கணும். நட" என்றார்.

செங்குத்துப் பாறை மகளே, அறுநூறு அடி. வெர்னாவின் கம்பை வாங்கிக்கொண்டார், கையை மட்டும் தரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டார், சட்டை எல்லாம் வேர்வை. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "பேசாத, படி எண்ணிட்டிருக்கேன்" என்றார். அதற்குக் கீழே மழமழவென்று ஒரு பாறை, அதில் கால் வழுக்கி, நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் கத்திவிட்டேன். வெர்னா அசையவே இல்லை. "அங்க எல்லாரும் உக்காருவாங்க அண்ணே. நானே மாசத்துக்கு ரெண்டு தடவ உக்காருவேன். அதான் அது அவ்வளவு வழவழன்னு இருக்கு" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஈஸ்டருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை, அங்கேயே அழுதுவிட்டேன். கம்பை ஊன்றி யாரும் தொடாமல் தானே எழுந்தார். அடிவாரத்து மர நிழலில் உட்கார்ந்து, கொண்டு போன பரீட்டோ ரொட்டிச் சுருளில் மூன்றைத் தின்றார், எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்து. ஏற இரண்டு மணி நேரம் ஆனது. ஏறியதும் நேராகக் காருக்குப் போய், ரயில் ஊதுகிற மாதிரி ஹாரனை இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று அழுத்தினார். அங்கே படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின.

இப்போது வீட்டில் பயணப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் டி ஷே, மூன்றாம் நாள் மானுமென்ட் வேலி பாறைவெளியில் தங்கல், நாலாம் நாள் திரும்பல் என்று அப்பா நீளத் தாளில் கோடு போட்டு ஒவ்வொரு ஊருக்கும் அரிசோனா மணி, நவஹோ மணி என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் புது செருப்பு வாங்காதே, பழகின ஷூதான் நல்லது. எல்லாருக்கும் தொப்பி வேண்டும். மாப்பிள்ளையிடம் மணலில் வண்டி ஓட்டி வீரம் காட்ட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். அங்குள்ள ஜனங்களை அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அதை இனெஸுக்கு இப்போதே சொல்லி வை. பச்சை மிளகாய் வறுத்து உறைய வைத்திருக்கிறேன், சோளமாவுத் தமாலேயும் அவித்துவிடுவேன்.

நேற்று அக்டோபர் பயணத்துக்கு ஆள் எண்ணிக்கை சொல்ல வெர்னாவைக் கூப்பிட்டேன். எத்தனை பேர் இறங்குகிறீர்கள் என்றாள். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஆறு பேரு. ஆறு பேரும் எறங்குறோம். நடுவுல அந்த வழுக்குப் பாறையில நான் உக்காருவேன், அதுக்கு அஞ்சு நிமிஷம் சேத்து வெச்சுக்கம்மா" என்றார்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கையில் ஏந்திக் காக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் விமான டிக்கெட்டைப் போட்டுவிடு, நாள் தள்ளினால் விலை ஏறும். வாசலில் கார் சத்தம் கேட்கிறது.

உன் அம்மா,
எவுலாலியா