கடைசிப் பேப்பர் முடியட்டும் என்றீர்களாம்

என் அன்பு அப்பா,

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ், அதுவும் நல்ல பாஸ். முதல் ஃபோன் உங்களுக்குத்தான் என்று எப்போதும் சொல்வேனே, கை பழக்கத்தில் உங்கள் நம்பரையே அழுத்திவிட்டது. அம்மாவின் பைக்குள் உங்கள் ஃபோன் அடித்தது. அது ஓயும்வரை நாங்கள் இருவரும் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது மாதிரி இருக்கிறேன்.

பரீட்சை நடந்த நாளெல்லாம், கட்டுகஸ்தோட்டையில் நீங்கள் தோசை சுடும் கடையிலிருந்து பஸ்ஸில் ஹொஸ்டலுக்குப் பார்சல் வந்தது. பின்னாலேயே உங்கள் ஃபோன். "படிச்சது போதும் பாப்பா, சாப்பிட்டுட்டுத் தூங்கு. தூக்கத்துல ஆடுற டொக்டர்கிட்ட எவன் கையை நீட்டுவான்?" கூடப் படிப்பவர்கள் கண் குழி விழுந்து பரீட்சைக்கு வந்தார்கள். நான் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கிறேன் என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

கடைசிப் பேப்பர் முடிந்த மாலை உங்கள் குரல் தளர்ந்திருந்தது. கடையில் கூட்டம் என்றீர்கள். "ஃபோனை ஓஃப் பண்ணிட்டுப் படு. நாளைக்குப் பேசலாம்." அப்படியே செய்தேன். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை, அப்பா.

மறுநாள் தலைக்குக் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, வார்டு வகுப்புக்குப் போனேன். அன்று விடியற்காலை அங்கே இறந்த ஒருவரைப் பற்றிப் பாடம் எடுக்கும் சேர் பேசினார். பெயர் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய ஆண். மூன்று நாள் நெஞ்சு வலியை வாயு என்று சோடா குடித்துச் சமாளித்தவர். முந்தின நாள் இரவுதான் வந்தாராம். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று சேர் எங்களைக் கேட்டார்.

நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "அலட்சியம், சேர்."

சேர் தலையாட்டினார். அவர் கிடந்த கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். நான் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

வகுப்பு முடிந்து, அணைத்து வைத்திருந்த ஃபோனைப் போட்டதும் அம்மாவின் அழைப்பு வந்தது. விடிந்ததிலிருந்து முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். அழுகைக்கு நடுவே நீங்கள் கிடந்த வார்டின் நம்பரைச் சொன்னார். நான் நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தேன். அதே நம்பர்.

"ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று கத்தினேன்.

"நான் என்ன செய்ய? அவ கடைசிப் பேப்பர் முடியட்டும்னாரு. முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்துமே, புள்ள இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குவா, எழுப்பாதன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

உங்களுக்கு யார் அப்பா அந்த உரிமையைக் கொடுத்தது? நெஞ்சு வலியோடு அடுப்புச் சூட்டில் நின்று சுட்ட தோசையை நான் சட்னி போதவில்லை என்று குறை சொல்லித் தின்றேனே, அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் ஒரு பேப்பரை விட்டிருந்தால் என்ன, அடுத்த முறை எழுதியிருக்க மாட்டேனா? டொக்டராகப் போகிறவளிடமிருந்தா வலியை ஒளிப்பது?

சில நாள் நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஃபோன் அடிப்பது போலிருந்தது. கடைசியில் அம்மாதான் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "அவரு உசிரைக் குடுத்துக் காத்த ஒடம்புடி இது. நீ பட்டினி போட்டுக் கெடுக்காத." சாப்பிட்டேன்.

சாப்பிடுவேன் அப்பா, தூங்கவும் தூங்குவேன். ஆனால் ஃபோனை மட்டும் இனி அணைக்க மாட்டேன். பிந்தி வரும் எந்த நோயாளியையும் அலட்சியக்காரர் என்று சொல்லவும் மாட்டேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாருக்குப் பரீட்சை என்று முதலில் கேட்பேன்.

அன்று விடியும்வரை தூங்கிய உங்கள் மகள்,
பாப்பா