மஞ்சள் டப்பாவில் ருமேனியா

ஐப்பசி 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கிரைண்டர் பெல்ட் மறுபடி நழுவல், சாக்பீஸ் தேய்த்து ஓட்டினேன்.

மாவு: டீச்சர் வீடு 1 கிலோ, மெஸ் 8, கேட் டிபன் கடை 5. உளுத்தம்பருப்பு டப்பா அடிக்கு வந்துவிட்டது. வெந்தயம் வாங்க வேண்டும்.

என் பெண் ஹேமா தவறிப்போய் இன்றோடு முப்பத்தி நாலு நாள்.

பதினோரு மணிக்கு நஸ்ரின் போன். ஹேமாவோடு வேலை செய்த பெண். அரக்கோணம். ரெண்டு பேரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போய் வந்தவர்கள். நாளைக்கு வருகிறாளாம். அப்புறம் வழக்கமான கேள்வி. "ஆன்ட்டி, அந்த பென் டிரைவ் கெடச்சுதா?" இல்லைம்மா, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவையாக இந்தப் பொய்.

தேடவே வேண்டாம். சாமி அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குள், பால் கவரில் சுற்றி, நான் வைத்தபடியே இருக்கிறது.

அதில் என்ன இருக்கிறது என்று ஹேமா சொன்னதை எழுதி வைக்கிறேன். மறந்துபோகும்.

ருமேனியா என்று ஒரு தேசம். அங்கே ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் மருந்து அளவு போடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம். செய்தது இங்கிலீஷில். அதை அந்த ஊர்க்காரர்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருவது இவர்கள் வேலை. பாஷை தெரிந்தவர்கள் அங்கேயிருந்து வார்த்தைகளை அனுப்புவார்கள். அந்த வார்த்தை பொத்தானுக்குள் அடங்குகிறதா, சில எழுத்துகளுக்குக் கீழே இருக்கிற குட்டி வால் விழாமல் இருக்கிறதா, தேதி அவர்கள் போடுகிற மாதிரி வருகிறதா, எல்லாம் ஹேமாவும் நஸ்ரினும் பார்க்க வேண்டும். பாஷை தெரியாமல் எப்படிடி என்றேன். "நீ தெலுங்கு படிக்கத் தெரியாமலே நகரி பஸ்ஸு ஏறிகினு தானே போற?" என்றாள்.

அவர்கள் காலண்டரில் வாரம் திங்களில் தொடங்குமாம். அப்படியென்றால் ராகு காலத்தை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

பெரிய விஷயம் புள்ளி. ரெண்டரை என்பதற்கு நாம் ரெண்டு, புள்ளி, அஞ்சு என்று போடுகிறோம். அவர்கள் புள்ளிக்குப் பதில் கமா. இந்தப் புரோகிராமில் பல பக்கங்களில் இங்கிலீஷ் வழக்கமே நின்றுவிட்டது. அந்த ஊர் நர்ஸ் பழக்கப்படி கமா போட்டு அடித்தால், அது கமாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இருபத்தைந்து என்று எடுத்துக்கொள்ளுமாம். அதைக் கண்டுபிடித்தது ஹேமா. ஆறு வாரம் பக்கம் பக்கமாகத் தேடித் திருத்தினாள். லேப்டாப் அடிக்கடி நின்றுபோகும் என்று எல்லாவற்றையும் அதில் வைக்காமல் பென் டிரைவிலேயே ஏற்றி வைத்தாள்.

அந்த ஆறு வாரம்தான் என் மஞ்சள் டப்பாவில்.


ஐப்பசி 19, புதன். பௌர்ணமி

மழை விட்டிருக்கிறது. நஸ்ரின் வந்தாள். பேரீச்சம்பழம் ஒரு பாக்கெட். ஹேமா படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள்.

ஆபீஸ் சங்கதி சொன்னாள். ஹேமாவின் லேப்டாப்பைப் போன மாசமே வாங்கிப் போனார்களே, அதில் ஆறு வாரத்து வேலை ஒன்றும் இல்லையாம். அவர்களுக்கு மேலே இருக்கிற ஆள், எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பெண் வேலையே செய்யவில்லை, செய்கிறேன் செய்கிறேன் என்று ஏமாற்றியிருக்கிறது என்றானாம். செத்தவளைப் பற்றி அப்படிப் பேசாதீங்க சார் என்று இவள் சண்டை போட்டிருக்கிறாள். அப்படியானால் நீயே செய்து காட்டு என்று முழுசையும் இவள் தலையில் கட்டிவிட்டான். திங்கட்கிழமை அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் கால்வாசிகூட முடியாது, வேலையை விட்டுப் போகச் சொல்லுவார்கள் என்றாள்.

திருத்தாமலே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றேன். யாராவது கவனித்தால் சரி, கவனிக்காவிட்டால் தெரியாது என்றாள்.

அப்புறம்தான் அதைச் சொன்னாள். "அவ காய்ச்சல்ல கெடந்தப்ப நான் மெசேஜ் போட்டுகினே இருந்தேன் ஆன்ட்டி, ஒண்ணுமே போய்ச் சேரல. என் மேல கோவம் போலன்னு நானும் விட்டுட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன். தோ இங்க இருக்குது அரக்கோணம்."

அவள் தம்பிக்கு ஆவணியில் ஹேமாவுக்கு வந்த இதே காய்ச்சல். ரெண்டாம் நாளே ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். இப்போது தெருவில் கிரிக்கெட் ஆடுகிறானாம். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மாவு பொங்கி வழிகிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். மாவு அப்போதுதான் கரைத்தது.

போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை நல்லாப் பாருங்க என்றாள். பார்க்கிறேன் என்றேன்.


ஐப்பசி 20, வியாழன்

வெயில். அரிசி ஊறப்போட்டாயிற்று. உளுத்தம்பருப்பு வாங்கியாயிற்று. வெந்தயம் மறந்தேன்.

யாரிடமும் சொல்லாததை, ஹேமாவின் கடைசி ஆறு நாளை, இங்கே எழுதுகிறேன்.

வெள்ளி: காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை. லேப்டாப் மடியிலேயே.

சனி: காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி என்றாள்.

ஞாயிறு: காலையில் கையிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாய். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மா வந்துவிட்டாள், அம்மை என்றேன். என் அக்கா ராணியின் வீட்டுக்காரர், பாவா, வந்து பார்த்து, ஆமாம் என்றார். வாசலில் வேப்பிலை. மருந்து மாத்திரை எல்லாம் நிறுத்தம். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று லேப்டாப்பைப் பிடுங்கினேன், போனை அணைத்து டிரங்கு பெட்டியில் பூட்டினேன்.

அப்போது பென் டிரைவை என் கையில் கொடுத்து, "நஸ்ரின கூப்டுமா. வந்து எடுத்துகினு போவட்டும், அர்ஜென்ட்டு" என்று சொன்னாள். ஒரு தடவை சொன்னாள். நான், ஆங், சொல்லிட்டேன், வருதாம் என்றேன். கூப்பிடவில்லை. அம்மை போட்ட வீட்டுக்கு வெளிப்பெண்ணை எப்படிக் கூப்பிடுவது. தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் வைத்தேன்.

திங்கள்: வேப்பிலை மேல் படுக்கை. மோர், இளநீர். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

செவ்வாய்: காய்ச்சல் விட்டது. அம்மா இறங்கிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். மத்தியானம் கை கால் ஜில்லென்று. வாந்தி. ஆட்டோ. பெரிய ஆஸ்பத்திரி.

புதன்: விடியும்போது.

டெங்கு என்றார் டாக்டரம்மா. எத்தனை நாளாகக் காய்ச்சல், ஏன் இப்போது கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டார். 

நஸ்ரின் வந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாள். அவள் வீட்டில் வந்து போன காய்ச்சல்தானே.

பென் டிரைவைக் கொடுத்தால், எப்போது கொடுத்தாள் என்று கேட்பாள். அதனால்தான் கொடுக்கவில்லை. வேறு காரணம் இல்லை.


ஐப்பசி 21, வெள்ளி

மேகமூட்டம். மெஸ்ஸுக்கு 10 கிலோ, கல்யாணக் கும்பல் தங்கியிருக்கிறதாம்.

பள்ளிப்பட்டிலிருந்து பாவா வந்தார். வேர்க்கடலை ஒரு பை. அவரிடம் மட்டும் சொன்னேன், டப்பாவைத் திறந்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் தானே அம்மைன்னு சொன்னேன். இப்ப சொல்லி, அது எழுந்து வரப்போவுதா? அந்தப் பொண்ணு வாய் சும்மா இருக்குமா? தாயே பொண்ண முழுங்கிட்டான்னு ஊரே பேசும். கொளத்துல போட்டுட்டு வேலயப் பாரு."

அவருக்கும் பயம். அவர் பேர் வெளியே வரக்கூடாது. தப்பு சொல்ல நான் யார்.

சாயங்காலம் மலையடிக் குளத்துக்குப் போனேன். சரவணப் பொய்கை படியில் நல்ல கூட்டம், மொட்டை போட்டுக் குளித்து எழுந்து வருகிறவர்கள். பென் டிரைவ் முந்தானை முடிச்சில். மஞ்சள் வாசனை. நாலு படி இறங்கினேன்.

பக்கத்துப் படியில் தெலுங்குக்காரக் குடும்பம். மொட்டை போட்ட கைக்குழந்தை, சந்தனத் தலை, சளி. தாய்க்காரி சின்னப் பெண், இருபதுகூட இருக்காது. மருந்துக் குப்பியின் மூடியில் ஊற்றி வெளிச்சத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். "ரெண்டுன்னரே, எக்குவ ஒத்து" என்று புருஷன்காரன் தலைக்கு மேல் நின்று அதட்டல். ரெண்டரைதான், அதிகம் வேண்டாம். நாலு தடவை சொன்னான். அவள் கொஞ்சம் குப்பியில் திருப்பி ஊற்றினாள், மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ருமேனியாவிலும் இப்படி ஒரு பெண் இருப்பாள். அவள் நர்ஸை நம்புவாள், நர்ஸ் கம்ப்யூட்டரை நம்புவாள். என் பெண் ஆறு வாரம் உட்கார்ந்து சரி செய்ததை நான் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையை நான் கொன்றது போதாதா.

பூக்காரம்மா, இன்னா ஹேமாம்மா, பித்து பிடிச்ச மாதிரி குந்திகினு இருக்க என்றாள். கால் வலி என்றேன்.

முடிச்சோடு வீட்டுக்கு வந்தேன்.


ஐப்பசி 22, சனி

மாவு புளித்துவிட்டது. மெஸ்காரர் போனில் கத்தினார். கத்தட்டும்.

நஸ்ரினைக் கூப்பிட்டேன், பேர் தெரிந்ததும் உடனே எடுத்தாள். வெண்டைக்காய் விலை மாதிரி ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.


ஐப்பசி 23, ஞாயிறு

அரைக்கவில்லை. ஒன்பது மணி ரயில். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

நஸ்ரின் வீடு மசூதிக்குப் பின் சந்து. வீட்டு வாசலில் அவள் தம்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கை காலையெல்லாம் பார்த்தேன்.

உள்ளே அவள் தரையில் கம்ப்யூட்டரோடு. கண் சிவந்திருக்கிறது. நான் பென் டிரைவை நீட்டினதும் என்னைக் கட்டிக்கொண்டுவிட்டாள். "அல்லா, எங்க ஆன்ட்டி இருந்துது?"

அரிசி டிரம்முக்குப் பின்னால் விழுந்திருந்தது என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"எங்கியும் போவல கண்ணு. எங்கிட்ட தான் இருந்துது."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. வேப்பிலை, போனைப் பூட்டியது, அவள் உன்னைக் கூப்பிடச் சொன்னது, நான் கூப்பிட்டேன் என்று பொய் சொன்னது. பாவா பேரை எடுக்கவில்லை, அது என் வீட்டு விஷயம். அவள் அம்மா டீ கொண்டுவந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்து, தட்டை வைக்காமலே திரும்பிப் போனார்கள்.

நஸ்ரின் அழவில்லை. திட்டவில்லை. பென் டிரைவைச் சொருகினாள். திரையில் வரிசையாக வந்தது. எல்லாம் இருக்கிறது, எல்லாம் முடித்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சொன்னாள். கடைசியாக ஏற்றினது அந்த ஞாயிறு காலை. அதில் நஸ்ரினுக்கு ஒரு குறிப்பு. அதை மட்டும் சத்தமாகப் படித்தாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே படித்தாள்.

"நஸ், குழந்தைகள் வார்டு பக்கம் மட்டும் நான் ஒரு தடவைதான் பார்த்தேன். தலை சுத்துது. நீ வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துட்டு அனுப்பலாம்."

என் பக்கம் திரும்பாமலே, "எனக்காக காத்துகினு இருந்திருக்கா" என்றாள்.

அப்புறம், "நீங்க கெளம்புங்க ஆன்ட்டி. நான் இத இன்னிக்கே பாத்து அனுப்பணும்."

எழுந்து வந்தேன். தம்பி செயின் மாட்டி முடித்திருந்தான். பாத்துப் போங்க என்றான்.

ஸ்டேஷனில் ரயில் ஒரு மணி நேரம் தாமதம்.


ஐப்பசி 24, திங்கள்

மழை. மாவு: மெஸ் 6 (குறைத்துவிட்டார்), கேட் கடை 5, டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

பாவா போன். குளத்தில் போட்டாயா என்றார். இல்லை, கொடுத்துவிட்டேன், உங்கள் பேர் சொல்லவில்லை என்றேன். அப்படியே வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு நஸ்ரின் போன். எடுக்கிறதுக்குள் கை ஈரம், நழுவிற்று.

போய்ச் சேர்ந்துவிட்டதாம். குழந்தைகள் வார்டு பக்கத்தில் இன்னும் ரெண்டு இடம் தப்பாக இருந்ததாம், நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்துத் திருத்தி அனுப்பினாளாம். செய்தவர் என்று ஹேமா பேரையே போட்டாளாம். மேலே இருக்கிற அந்த ஆள் ஆபீஸில் எல்லாரிடமும், நான் பேசினது தப்பு என்றானாம். ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஆன்ட்டி என்ற வார்த்தை வரவில்லை.

சரிம்மா என்றேன். போனை வைக்கவில்லை அவள்.  பின்னால் ரயில் போகிற சத்தம்.

"எத்தன வாட்டி கேட்டா?"

என்னம்மா என்றேன், புரியாத மாதிரி.

"என்ன கூப்டச் சொல்லி. எத்தன வாட்டி கேட்டா உங்கள?"

ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். நேற்று அப்படித்தான் சொன்னேன். இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு ஒன்று. திங்கள் மத்தியானம் ஒன்று. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, நஸ்ரின் வந்துட்டாளா என்று ஒன்று. மூன்று தடவையும் வருதாம், வருதாம் என்றேன்.

"மூணு" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.