கற்பூரத் தட்டு

செங்கல்பட்டு,
8.3.1998

அன்புள்ள சரோஜாவுக்கு,

அம்பாள் கிருபையால் அவர் ஜெயித்துவிட்டார். இனி என்னை எம்.பி. சம்சாரம் என்பார்கள். நீ, இங்கே பக்கத்து வீட்டில் இருந்த நாளிலிருந்து கூப்பிட்டபடி, ஞானம்பாள் அக்கா என்றே கூப்பிடு.

அணுபுரத்திலும் சுற்று ஊர்களிலும் ஓட்டுக் கேட்க நீ என்னோடு வராவிட்டால் எனக்கு எந்த வீடு தெரியும்? எதிர்க்கட்சிக்காரர்கள் சேலை கொடுத்தார்கள். நான் கற்பூரத் தட்டை நீட்டி, அவருக்கே ஓட்டு என்று சத்தியம் மட்டும்தான் வாங்கினேன். சாமியை வைத்துக் கேட்டதில் தப்பில்லையே. நோட்டில் 312 பெயர் ஏறியிருக்கிறது. முதல் பெயர் உன்னுடையது. உன் வீட்டில் வேலை செய்யும் சின்னப்பொண்ணு, இடுப்பில் இருந்த மகள் தலையிலேயே கை வைத்தாளே, அந்தப் பக்தி எனக்குக்கூட வராது.

உன் அக்கா,
ஞானம்பாள்

அணுபுரம்,
19.8.1999

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

மறுபடி தேர்தல், எம்.பி. அம்மா தட்டோடு வந்துவிடுவார் என்று தெருவே சிரிக்கிறது. அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். சின்னப்பொண்ணு போன தடவை வேறு சின்னத்தில் குத்திவிட்டாளாம். புருஷன் அந்தக் கட்சி. இப்போது குழந்தை சிநேகாவுக்கு அடிக்கடி வலிப்பு. டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். இவள் கொடுப்பதில்லை. கேட்டால், "சத்தியம் தப்புனதுக்கு ஏதும்மா மாத்திர?" என்கிறாள்.

சத்தியம் வாங்கினவர் வாயால் விடுவித்தால்தான் தீரும் என்று நம்புகிறாள். ஒரு நடை வாருங்கள் அக்கா. ஒரு வார்த்தை போதும்.

சரோஜா

செங்கல்பட்டு,
27.8.1999

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவரிடம் சொன்னேன். ஒருத்தியை விடுவித்தால் 312 பேரையும் விட்ட மாதிரிதான், தேர்தல் முடியட்டும் என்கிறார். மேடைக்கு மேடை தர்மம், பண்பாடு என்று பேசுகிறவர், யோசிக்காமல் சொல்லமாட்டார். கடிதத்துக்குள் குங்குமப் பிரசாதம் வைத்திருக்கிறேன், குழந்தைக்கு இட்டுவிடச் சொல். மாத்திரையும் கொடுக்கச் சொல். தேர்தல் முடிந்ததும் வருகிறேன்.

உன் அக்கா,
ஞானம்பாள்

செங்கல்பட்டு,
23.5.2004

சரோஜாவுக்கு,

போன தடவையும் ஜெயித்தவர் இந்தத் தடவை தோற்றுப் பத்து நாளாகிறது. வாசலில் ஒரு செருப்பு இல்லை. தேர்தல் முடிந்ததும் வருகிறேன் என்று நான் எழுதி ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அதற்கு நீ பதில் போடாததும் நியாயம்தான்.

நேற்று சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். உன் வாசலைத் தாண்டித்தான் போனேன். உள்ளே வர முகம் இல்லை.

சிநேகாவுக்கு ஏழு வயதாம். தினமும் குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி நீயே மாத்திரை கொடுத்தாய், வலிப்பு நின்று இரண்டு வருஷம் ஆகிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் கையைப் பிடித்து, உன்னைச் சத்தியத்திலிருந்து விட்டுவிட்டேன், வாங்கினதே பாவம் என்றேன். அவள் என்னைத் தேற்றினாள்.

"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? ஓட்டு போட்டாத்தான பயம்? அதுக்கப்பால நான் ஓட்டு போடவே போறதில்ல."

நடுவில் வந்த ஒரு தேர்தலுக்கும் அவள் போகவில்லை, சரோஜா. இப்படி இன்னும் எத்தனை பேரோ. நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகப் போகிறேன். அடுத்த தடவை நான் நிற்க வேண்டாமா என்று அவர் கத்துகிறார். கத்தட்டும்.

முதல் பெயர் உன்னுடையது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வாசலில் நிற்பேன். தட்டு கொண்டுவரமாட்டேன். நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்கவும் மாட்டேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

ஞானம்பாள்